ஆங்கிலத்தில் ஓர்டர் எடுப்பவர்கள் ‘பை’ என்ற சொல்லில் நின்று வாசியுங்கள்

கிழக்கிலங்கையில் மருதமுனையிலும் சுற்றுவட்டாரத்திலும் தறி வைத்திருக்கிற பலர் இப்போது கொழும்பில் இருந்து நேரடியாக ஓர்டர் எடுக்கிறார்கள். இடையில் தரகர் இல்லை. வட்ஸ்அப்பில் இரண்டு பக்க ஆங்கிலக் கடிதம் வரும், ஓம் என்று பதில் போட்டால் வேலை தொடங்கிவிடும். ஓ.எல். வரை ஆங்கிலம் படித்தவர்களுக்கு அந்தக் கடிதம் விளங்கும். கடினமான சொல் வந்தால் போனில் தேடிப் பார்ப்போம். ஆனால் ‘பை’ மாதிரி ஆங்கிலத்தில் பி, வை என்ற இரண்டே எழுத்து உள்ள சொல்லை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. அந்தச் சொல் ஒரே கடிதத்தில் பல இடத்தில் பல பொருளில் வந்து, எனக்கு எழுபத்திரண்டாயிரம் ரூபா நட்டமாகியது. முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் அந்தக் காசு என் கையில் இருந்திருக்கும். அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் மூத்தவாப்பா காலத்தில் இருந்தே தறி ஓடுகிறது. சாரனும் சேலையும்தான் நெய்தோம். 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது இரண்டு தறி போனது. வாப்பா கடன்பட்டு மறுகா அடித்துப் போட்டார். 2022இல் டொலர் ஏறி, இந்தியாவில் இருந்து வருகிற நூலும் சாயமும் தொட ஏலாத விலைக்குப் போனது. சாரன் விற்று அந்தச் செலவை எடுக்க முடியவில்லை. வாப்பா மௌத்தான பிறகு பொறுப்பு என்னிடம் வந்தது. ஹோட்டல்களுக்குப் பொருள் கொடுக்கிற ஒரு கொழும்பு நிறுவனம் சாப்பாட்டுத் தட்டுக்குக் கீழே விரிக்கிற டேபிள் மெட் அறுநூறு கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோசம். ஒன்று 420 ரூபா, மொத்தம் 252,000. முப்பது வீதம், அதாவது 75,600 ரூபா, முற்பணமாக அடுத்த நாளே வங்கிக்கு வந்துவிட்டது. நான் தனியாக எடுத்த முதல் பெரிய ஓர்டர் அது. நோன்பு தொடங்கக் கொஞ்சம் முந்தி. நெய்கிற ராத்தாமாருக்குப் பெருநாளைக்கு நல்ல காசு கொடுக்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

கடிதத்தில் அளவு இப்படி இருந்தது: ‘18 பை 13 இஞ்சஸ், வேர்ட்டிகல் ஸ்ட்ரைப்ஸ்’. பதினெட்டு அங்குல நீளம், பதின்மூன்று அங்குல அகலம், கோடு நிமிர்ந்து ஓட வேண்டும். நெசவுக்காரருக்கு நிமிர்ந்த கோடு என்றால் பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டுகிற நூலில், ஓடுகிற கோடு, துணியின் நீளப் பக்கம் போகிற கோடு. எங்கள் துணி முப்பத்தொன்பது அங்குல அகலம் வரும். குறுக்கே மூன்று பதின்மூன்று, பதினெட்டுக்கு ஒரு வெட்டு. நீலமும் வெள்ளையும் சாயம் போட்டுப் பாவு ஓட்டினோம். முதல் துண்டை வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, வாசல் கம்பியில் தொங்கவிட்டுப் போட்டோ எடுத்து அனுப்பினேன். நீளப் பக்கம் கீழே தொங்க, கோடுகள் மேலிருந்து கீழே நேராக ஓடின. அங்கிருந்து ஒரு தம்பி ‘ஓகே’ என்று பதில் போட்டார்.

மேசையில் மெட்டை எப்படி வைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நீளப் பக்கம் இடமிருந்து வலமாக, சாப்பிடுகிறவருக்குக் குறுக்கே கிடக்கும். அப்படி வைத்தால் எங்கள் கோடு படுத்திருக்கும். அவர்கள் கேட்டது, மெட் மேசையில் கிடக்கும்போது சாப்பிடுகிறவருக்கு நிமிர்ந்து தெரிகிற கோடு, அதாவது பதின்மூன்று அங்குலப் பக்கத்தோடு ஓடுகிற கோடு. அதற்குத் துணியைக் குறுக்கே இரண்டு பதினெட்டாகப் பிரித்து, பதின்மூன்றுக்கு வெட்ட வேண்டும். பாவு ஓட்டுவதற்கு முந்திச் சொல்லியிருந்தால் அரை நாள் வேலை. துணியை வெட்டிய பிறகு ஒன்றும் செய்ய ஏலாது.

அளவில் வருகிற ‘பை’ இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதோடு சரி. எது நீளம், எது அகலம், எது உயரம் என்று அது சொல்லாது. நாங்கள் அறையைப் ‘பத்துக்குப் பன்னிரண்டு’ என்கிறோமே, அதிலும் இல்லைதான். ஆனால் மேசன் முன்னால் நிற்பார், கையை நீட்டிக் காட்டிவிடலாம். கடிதத்தில் கை இல்லை. தொழிலுக்குத் தொழில் வழக்கமும் மாறும். திரைச்சீலைக்காரர்கள் அகலத்தை முதலில் சொல்லி, தொங்குகிற நீளத்தைப் பிறகு சொல்வார்கள். ஓவியங்களின் அளவை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உயரத்தை முதலில் எழுதுவார்கள். ஆகவே எந்த அளவு வந்தாலும் ஒரு பெட்டி கீறி, பக்கங்களில் எண்களைப் போட்டு, கோடு ஓடுகிற திசைக்கு அம்புக்குறி வைத்து, மேல் பக்கம் எது என்று எழுதி அனுப்புங்கள். அவர்கள் அந்தப் படத்துக்கு ‘ஓம்’ சொல்ல வேண்டும். கம்பியில் தொங்குகிற போட்டோவுக்குச் சொல்கிற ஓம் போதாது.

அடுத்த வரி ‘டெலிவரி பை கூரியர் பை 20’. ஒரே வரியில் இரண்டு ‘பை’. முதலாவது எதன் மூலம் என்பதைச் சொல்கிறது: கூரியர் மூலம். இரண்டாவது நாளைச் சொல்கிறது: இருபதாம் திகதிக்குள். நோன்பு பிடித்துக்கொண்டு, இரவு தராவீஹ் முடிந்த பிறகும் ராத்தாமார் தறியில் இருந்தார்கள். பத்தொன்பதாம் திகதி பின்னேரம் கல்முனையில் கூரியர்காரரிடம் பெட்டிகளைக் கொடுத்து ரசீதும் வாங்கினேன். ஆறாயிரம் ரூபா எடுத்தார்கள். இருபத்திரண்டாம் திகதிதான் கொழும்பில் பெட்டி போய்ச் சேர்ந்தது. அவர்கள் கணக்கில் இரண்டு நாள் தாமதம்.

திகதிக்கு முன்னால் வருகிற ‘பை’ பொதுவாக அந்த நாளையும் சேர்த்துத்தான். இருபதாம் திகதி கொடுத்தாலும் சரி. ‘பிஃபோர்’ என்று இருந்தால் பத்தொன்பதோடு முடிந்தது. ‘அன்ட்டில்’ என்றால் அந்த நாள் வரை தொடர்ந்து நடப்பது: கடை அதுவரை திறந்திருக்கும், சாமான் அதுவரை களஞ்சியத்தில் கிடக்கும். ‘பை’ ஒரு வேலை நடந்து முடிய வேண்டிய கடைசி எல்லையைச் சொல்வது. இது இலக்கணம். ஆனால் எது முடிய வேண்டும் என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. நான் கூரியரில் கொடுப்பதா, அவர்கள் கையில் கிடைப்பதா? எங்கள் ஊரில் இருந்து கொழும்புக்கு அந்த வித்தியாசம் இரண்டு மூன்று நாள். கொழும்பில் இருந்துகொண்டு எழுதுகிறவருக்கு அது நினைவுக்கே வராது, அவருக்குக் கூரியர் என்றால் மறுநாள். ஆகவே திகதியைக் கண்டால் இடத்தையும் கேளுங்கள்: கல்முனையில் ஒப்படைக்கிற நாளா, கொழும்பில் கையெழுத்து வைத்து எடுக்கிற நாளா. நம்முடைய அரசாங்க வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும்போது ‘ஒன் ஓர் பிஃபோர்’ என்று போடுவதைக் கவனித்திருப்பீர்கள். அந்தத் திகதியன்று அல்லது அதற்கு முன்னர் என்று தமிழிலும் வரும். அந்த நாள் சேருமா சேராதா என்ற சண்டைக்கு அங்கே இடமில்லை.

அழைப்பு வந்தது லுஹர் தொழுகை முடிந்த நேரம். பேசியது ஓகே சொன்ன தம்பி இல்லை, அவருக்கு மேலே உள்ள ஒரு அம்மா. குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோடு திசை மாறியிருக்கிறது, சாமானும் தாமதம், பாதி விலைக்கு எடுக்கிறோம், விருப்பமில்லை என்றால் உங்கள் செலவில் திருப்பி எடுங்கள் என்றார். நான் போட்டோவைப் பற்றிச் சொன்னேன். அதை அங்கீகரிக்கிற அதிகாரம் அந்தத் தம்பிக்கு இல்லை என்றார். கடிதத்தைத் திறந்து பார்த்தேன். ‘சாம்பிள் வில் பி அப்ரூவ்ட்’ என்று மட்டும்தான் இருந்தது. யாரால் என்று இல்லை.

தமிழில் மூன்றாம் வேற்றுமை ‘ஆல்’ என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். கையால் நெய்தது என்றால் கருவி, ராத்தாவால் நெய்யப்பட்டது என்றால் கருத்தா. ஆங்கிலத்தில் அந்த இரண்டு வேலையையும் ‘பை’ செய்கிறது. ஒரு ஒப்பந்தத்தில் ‘பை’க்குப் பின்னால் ஒரு ஆளோ நிறுவனமோ வந்தால், அந்த வேலையைச் செய்ய வேண்டியவர் அவர்தான், செலவு பற்றிய வரி என்றால் காசைக் கட்டுகிறவரும் அவர்தான். ‘பை த சப்ளையர்’ என்று வருகிற இடமெல்லாம் சப்ளையர் நீங்கள். எனது கடிதத்தில் திருப்பி அனுப்புகிற கூரியர் செலவுக்குப் பக்கத்தில் அது தெளிவாக இருந்தது. அதைவிட ஆபத்தானது ‘பை’ வர வேண்டிய இடத்தில் வராமல் இருப்பது. அனுமதிக்கப்படும், ஏற்பாடு செய்யப்படும், கழிக்கப்படும் என்று எழுதிவிட்டு யாரால் என்பதை விட்டுவிடுவார்கள். ஆங்கிலத்தில் அப்படி விடுவது பிழை இல்லை, மிகச் சாதாரணம். வாசிக்கும்போது ஒவ்வொரு ‘படும்’ என்பதிலும் நிறுத்தி, யாரால் என்று பென்சிலால் பக்கத்தில் எழுதுங்கள். எழுத முடியாத இடம் எதுவோ அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பெருநாளைக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. அறுநூறு மெட்டைத் திருப்பி எடுத்து எங்கே விற்பது? உம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அவ சீனி வருத்தக்காரி, வாப்பா போன கவலையில் இருந்தே இன்னும் எழும்பவில்லை. பாதி விலைக்குச் சரி என்றேன். போனை வைத்த பிறகு தறிக்கொட்டிலுக்குள் போக எனக்குக் கால் வரவில்லை. உள்ளே இருந்து ஒரு ராத்தா, “தங்கச்சி, பெருநாளைக்கு முந்திக் காசு வந்திடும்தானே?” என்று கேட்டார். வந்திடும் ராத்தா என்றேன். அன்றைக்குப் பின்னேரமே என் இரண்டு காப்பையும் அடகு வைத்தேன்.

காசு வந்து சேர்ந்தபோது இன்னும் ஒரு கழிவு. பாதி விலை 126,000. அதில் 10,080 ரூபாவைத் தாமதத்துக்கு என்று எடுத்திருந்தார்கள். கடிதத்தில் தாமதக் கழிவு ‘2 பெர்சன்ட் பை த டே’ என்று இருந்தது. போனில் பேசியபோது ‘பிந்தினால் இரண்டு வீதம் கழிப்போம்’ என்றுதான் சொன்னார்கள், ஒரு தரம் என்கிற மாதிரி. எழுத்தில் இருந்ததோ ஒவ்வொரு நாளுக்கும். இரண்டு நாளுக்கு நாலு வீதம், அதுவும் பாதி விலையில் இல்லை, முழு ஓர்டர் பெறுமதி 252,000 இல். முற்பணம் போக எனக்கு வந்தது 40,320 ரூபா. நூலுக்கும் சாயத்துக்கும் 98,000, கூலி 84,000, கூரியர் 6,000, எல்லாம் 188,000 செலவு. வரவு முற்பணத்தோடு சேர்த்து 115,920. மிச்சத்தைக் கழித்துப் பாருங்கள், 72,080 ரூபா.

‘பை த’ என்று வந்து பின்னால் ஒரு அளவு வந்தால் அது கணக்குப் பார்க்கிற அலகு. பை த டே நாள் கணக்கு, பை த கிலோ கிலோக் கணக்கு, பை த டசின் டசின் கணக்கு. கூலியும் அப்படித்தான் பேசுவார்கள், மணிக் கணக்கு, துண்டுக் கணக்கு. நடுவில் உள்ள ‘த’ போய் ‘பை டே’ என்று மட்டும் இருந்தால் பொருளே வேறு, பகல் நேரத்தில் என்று ஆகிவிடும். ‘டே பை டே’ என்றால் நாளுக்கு நாள். ‘வன் பை வன்’ ஒவ்வொன்றாக.

விலைப் பேச்சில் வருகிற இன்னொரு ‘பை’ இருக்கிறது. எனது கடிதத்தில் அது வரவில்லை, ஆனால் பிறகு வந்த ஓர்டர்களில் அடிக்கடி வருகிறது. விலை ‘பை 20’ குறைந்தால் 420 என்பது 400 ஆகும். ‘டு 20’ குறைந்தால் இருபது ரூபாவாகவே ஆகிவிடும். ‘பை 20 பெர்சன்ட்’ என்றால் 336. ‘பை’ வித்தியாசத்தைச் சொல்லும், ‘டு’ போய் நிற்கிற இடத்தைச் சொல்லும். வட்டி பற்றிய வங்கிக் கடிதத்திலும் இதே கதைதான், 14 வீத வட்டி ‘பை 2’ கூடினால் 16. சிலர் ‘விலை பை 40 மாற்றப்படும்’ என்று எழுதுவார்கள். கூடுமா குறையுமா என்று அதில் இல்லை. புதிய விலை எத்தனை ரூபா என்று ஒரே எண்ணில் எழுதச் சொல்லுங்கள்.

பெருநாள் முடிந்த பிறகு பாண்டிருப்பில் இருக்கிற ஓய்வுபெற்ற ஆங்கில டீச்சரிடம் கடிதத்தைக் கொண்டுபோனேன். எனக்கும் படிப்பித்தவ. அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதம் முழுக்க வாசித்து, ‘பை’ வருகிற இடத்தையெல்லாம் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டா. “மகள், இது எல்லாத்துக்கும் அடியில ஒரே பழைய பொருள்தான், பக்கத்தில எண்டது. ‘சிட் பை மீ’ எண்டா என்ர பக்கத்தில இரு. திகதிக்குப் பக்கத்தில வந்தா அந்தத் திகதியத் தாண்டாது. ஆளுக்குப் பக்கத்தில வேலை வந்தா அது அந்த ஆள்ர வேலை” என்றா. அப்படிச் சொன்னது எனக்கு நன்றாக மனதில் பதிந்தது. வீட்டுக்கு வந்து மூத்தம்மாவின் பழைய ஆங்கிலக் காணி உறுதியை எடுத்துப் பார்த்தேன். வடக்கே இன்னாருடைய காணியால், கிழக்கே வீதியால் எல்லைப்படுத்தப்பட்டது என்று நாலு பக்கமும் ‘பை’. பக்கத்தில் இருக்கிற பொருள்தான் எல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பரம்பரையால் வருகிற குடியுரிமை, பதிவால் வருகிற குடியுரிமை என்று இரண்டாகப் பிரிக்கிறதே, அதுவும் ஆங்கிலத்தில் ‘பை’தான். உம்மாவின் மருந்துச் சீட்டில் ‘பை மௌத்’, வாயால் உட்கொள்வது. ‘பை ஹேண்ட்’ மட்டும் கவனமாகப் பாருங்கள். துணிக்குப் பக்கத்தில் இருந்தால் கையால் செய்தது. கடிதத்துக்கோ பார்சலுக்கோ பக்கத்தில் இருந்தால் தபாலிலும் கூரியரிலும் அனுப்பாமல் ஆள் மூலம் நேரில் கொடுப்பது. சாம்பிளை ‘பை ஹேண்ட்’ கேட்டால் கொழும்புக்கு ஒரு ஆளை அனுப்புகிற செலவை விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழில் கேட்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு தமிழும் அரச கரும மொழி, அரசாங்க அலுவலகத்துக்குத் தமிழில் எழுதிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தனியார் நிறுவனம் ஓர்டர் தரும்போது எந்த மொழியில் எழுதுவது என்பது உங்கள் இரண்டு பேருக்கும் உள்ள பேச்சு. ஆகவே அவர்கள் ஆங்கிலத்திலேயே எழுதட்டும். நான் விளங்கிக்கொண்டதைப் பாவு ஓட்டுவதற்கு முதல் நாள் தமிழில் எழுதி, டீச்சர் திருத்தித் தந்த நாலு வரி ஆங்கிலத்தையும் கீழே போட்டு அனுப்புகிறேன். எந்தப் பக்கம் எத்தனை அங்குலம், கோடு எந்தப் பக்கத்தோடு ஓடுகிறது. எந்தத் திகதி, எந்த ஊரில் ஒப்படைத்தால் கணக்கு முடிந்தது. சாம்பிளைப் பார்த்துச் சரி சொல்கிறவர் யார், அவருடைய பதவி என்ன. பிந்தினால் எவ்வளவு, ஒரு தரமா நாள் கணக்கா, எந்தத் தொகையில், ஆகக் கூடியது எத்தனை ரூபா. இதற்கு எழுத்தில் ‘சரி’ என்று வந்த பிறகுதான் நூலைச் சாயத்தில் போடுகிறோம். போனில் சொன்னால், இப்போது பேசியது இதுதானே என்று உடனே வட்ஸ்அப்பில் எழுதிப் போட்டுவிடுகிறேன்.

இதைக் கேட்டால் ஓர்டர் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. அப்படிப் போகவில்லை. கூடுதலான ஆட்கள் அன்றைக்கே பதில் தருகிறார்கள், ஒருவர் கூரியரில் ஒப்படைக்கிற நாளையே கடைசி நாளாக மாற்றியும் தந்தார். இன்னொருவர் மட்டும் எழுத்தில் ஒன்றும் தர ஏலாது, நம்பிச் செய்யுங்கள் என்றார். அவருடைய ஓர்டரை நான் எடுக்கவில்லை. காப்பில் ஒன்றை மீட்டாகிவிட்டது, மற்றதுக்கு இன்னும் வட்டி கட்டுகிறேன்.